நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை உண்மையில் எழுதுவது யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள் 100, 150 பக்கத்துக்கு வருகின்றன. 31 எம்.பி.க்கள் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதியிருக்க முடியாது. அப்படியானால் ஆய்வு செய்வது யார், எழுதுவது யார்? இதற்கு நடைமுறை என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது அமைச்சகம் கொடுப்பதை அப்படியே அச்சடித்துவிடுகிறார்களா?"

சுருக்கமான பதில்: எழுதுவது செயலக அலுவலர்கள், திருத்தி ஏற்றுக்கொள்வது குழு. நடைமுறையும் உண்டு, நல்ல நடைமுறைதான். ஆனால் அதை ஓட்டுவதற்கு ஆட்கள் மிகக் குறைவு. குழு எந்தத் தலைப்பை எடுக்கிறது, முதல் கேள்விப் பட்டியலில் என்ன கேட்கிறது என்ற இரண்டும்தான் அறிக்கை உருப்படியாக வருமா, அமைச்சகத்தின் குறிப்பாக முடிந்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நிலைக்குழு ஒன்றில் உறுப்பினராக இருந்த ஓர் எம்.பி.க்கு நான் ஆய்வு உதவியாளராக வேலை செய்தேன். குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. எம்.பி.யின் சொந்த உதவியாளர் உள்ளே போக முடியாது. காகிதங்களைத் தயார் செய்து கொடுத்துவிட்டு வெளியே காத்திருப்பதுதான் என் வேலை. அதனால் இங்கே நான் சொல்லப்போவது எல்லாம் விதிகளிலும் அச்சான அறிக்கைகளிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய விஷயங்கள். அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பது அவைக்கு அறிக்கை வரும்வரை ரகசியம். அந்த விதியை நான் மதிக்கிறேன், அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அமைச்சகங்களின் செலவையும் மசோதாக்களையும் பரிசீலிக்கும் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தவை. அதற்கு முன் 1989-இல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழலும் காடுகளும் என்று மூன்று குழுக்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1993-இல் 17 குழுக்கள், 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக இருக்க முடியாது; உறுப்பினராக இருக்கும்போது அமைச்சரானால் வெளியேற வேண்டும். 16 குழுக்களுக்கு மக்களவைச் செயலகமும் 8 குழுக்களுக்கு மாநிலங்களவைச் செயலகமும் ஆட்களைக் கொடுக்கின்றன. இந்தச் செயலகங்கள் அரசுக்குக் கீழ் வருபவை அல்ல. அரசியல் சாசனத்தின் 98-ஆவது பிரிவு ஒவ்வோர் அவைக்கும் தனி அலுவலர் அமைப்பை வைத்திருக்கிறது. ஓர் அமைச்சகத்தைக் கேள்வி கேட்கிற அலுவலர் அதே அமைச்சகத்திடம் பதவி உயர்வுக்குக் காத்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எந்த நிலைக்குழு அறிக்கையை எடுத்தாலும் முதல் சில பக்கங்களில் உறுப்பினர் பட்டியலுக்குக் கீழே 'செயலகம்' என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். இணைச் செயலாளர் ஒருவர், இயக்குநர் ஒருவர், துணைச் செயலாளரோ சார்புச் செயலாளரோ ஒருவர், குழு அலுவலர் ஓரிருவர். பெரும்பாலும் நாலைந்து பெயர்கள். மேலே உள்ளவர்கள் பெரும்பாலும் வேறு குழுக்களையும் சேர்த்துப் பார்ப்பவர்கள். அந்தச் சின்னப் பட்டியல்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை. அறிக்கையின் முதல் வரைவு அவர்கள் மேசையில்தான் பிறக்கிறது.

சரி, வேலை எப்படித் தொடங்குகிறது? குழு அமைந்ததும் முதல் கூட்டத்தில் அந்த ஆண்டுக்கான தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவின் காலம் விதிப்படி ஓராண்டுக்கு மிகாது. அன்றாட நிர்வாக விஷயங்களுக்குள் குழு போகக் கூடாது என்பதும் விதி. குறிப்பிட்ட ஓர் அதிகாரியின் இடமாற்றமோ ஓர் ஒப்பந்தப்புள்ளியின் தகராறோ தலைப்பாகாது. அந்தத் துறையில் ஒப்பந்தங்கள் கொடுக்கப்படும் முறை தலைப்பாகலாம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கின்றன. ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு தலைப்பு சொல்வார். யாரையும் மனம் நோகச் செய்ய வேண்டாம் என்று எல்லாம் பட்டியலில் ஏறிவிடும். பத்து, பதினைந்து தலைப்புகள் கொண்ட பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். நாலைந்து அலுவலர்கள், ஓராண்டு, நடுவில் பட்ஜெட் வேலை. இதில் மூன்று அல்லது நான்கு தலைப்புகளைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். மீதிக்கு ஒரு கூட்டம் நடக்கும், அமைச்சகம் ஒரு விளக்கப்படம் காட்டிவிட்டுப் போகும், அறிக்கை வராது. அடுத்த ஆண்டுக் குழு அதே தலைப்பை மறுபடி எடுக்கும்.

தலைப்பு முடிவானதும் செயலகம் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதிப் பின்னணிக் குறிப்பு கேட்கும். வருவது பெரும்பாலும் திட்டத்தின் நோக்கம், ஒதுக்கீடு, சாதனை என்று போகும் ஆவணம். அதைப் படித்துவிட்டுக் குழு அலுவலர் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார். என் கணிப்பில் முழு நடைமுறையிலும் இதற்கு நிகரான முக்கியமான காகிதம் வேறில்லை. ஏனென்றால் அமைச்சகம் எழுத்தில் கொடுக்கிற பதில்தான் பின்னால் அறிக்கையின் உடலாக மாறுகிறது. கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாக வரும். அறிக்கையும் அப்படியே ஆகும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனையானதுதான். "இத்திட்டத்தின் முன்னேற்றம் என்ன?" என்று கேட்டால், "திட்டம் சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது, கடந்த ஆண்டு இத்தனை கோடி செலவிடப்பட்டது" என்று வரும். அதையே, "கடந்த 5 ஆண்டுகளில் ஆண்டுவாரியாகப் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் தருக, உண்மைச் செலவில் கடைசிக் காலாண்டில் மட்டும் செலவானது எவ்வளவு, மாநிலங்களிடமிருந்து வரவேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ்கள் எத்தனை நிலுவையில் உள்ளன" என்று கேட்டால் அமைச்சகம் எண்களைக் கொடுத்தே ஆக வேண்டும். எண் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச வழி பிறக்கும். எண் இல்லை என்று பதில் வந்தாலும் அதுவே அறிக்கையில் ஏறக்கூடிய செய்தி. இப்படிக் கேள்வி எழுதுவதற்கு அந்த அலுவலர் பழைய அறிக்கைகளையும், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கைகளையும், அவையில் அதே விஷயத்தில் வந்த கேள்வி பதில்களையும் படித்திருக்க வேண்டும். மூன்று நாள் அவகாசத்தில் அது நடக்காது. ஆய்வு வேலைப்பளு என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

எழுத்துப் பதில் வந்த பிறகு வாய்மொழிச் சாட்சியம். வழக்கமாக அமைச்சர் வருவதில்லை. துறைச் செயலாளரும் அதிகாரிகளும் வருவார்கள். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்தான் கூட்டம் செல்லும். பேசுவது முழுவதையும் சுருக்கெழுத்தாளர்கள் பதிவு செய்வார்கள், அந்தப் பிரதி சாட்சிகளுக்குத் திருத்தத்துக்குப் போகும். அறையிலேயே பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு "எழுத்தில் தருகிறோம்" என்பார்கள். அப்படி விடப்பட்டவற்றை எல்லாம் பொறுக்கி எடுத்து மறுநாளே அமைச்சகத்துக்கு அனுப்புவதும் அந்த நாலைந்து பேர்தான். இந்தப் பின்தொடர் பதில்களில்தான் பல சமயம் உண்மையான சங்கதி இருக்கும். அவை தாமதமாக வரும், சில வரவே வராது. கேட்டுக்கொண்டே இருக்கிற அலுவலர் வாய்த்த குழு கொடுத்து வைத்தது.

குழுவுக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி மட்டுமே அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம். ஓர் ஆவணமோ சாட்சியமோ குழுவின் வேலைக்குத் தேவையா இல்லையா என்று தகராறு வந்தால் சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ சொல்வதே முடிவு. காகிதத்தில் இது பெரிய அதிகாரம். ஆனால் எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அந்த அதிகாரத்துக்குப் பயன்.

தெரிந்து கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற சான்று, சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துக்கான நிலைக்குழு 2012 மே மாதம் கொடுத்த 59-ஆவது அறிக்கை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது. அந்தக் குழு பொதுவான விளக்கத்தோடு திருப்தி அடையவில்லை. 42 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு அனுமதி கொடுத்த கோப்புகளைக் கேட்டது. மூன்று மருந்துகளின் கோப்புகள் கிடைக்கவே இல்லை என்று பதில் வந்தது. மீதி 39-இல் 11 மருந்துகளுக்கு விதிப்படி நடந்திருக்க வேண்டிய மூன்றாம் கட்டப் பரிசோதனை, அதாவது நிறைய நோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை, நடக்கவில்லை. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 33 மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் பரிசோதனை நடத்தாமலே அனுமதிக்கப்பட்டிருந்தன. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. வெவ்வேறு ஊர்களில் இருந்த மருத்துவ நிபுணர்கள் தனித்தனியாக எழுதியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள், வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன. பல கடிதங்களை மருந்து நிறுவனங்களே எழுதிக் கொடுத்து நிபுணர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள் என்ற முடிவுக்குக் குழு வந்தது.

இதில் ஆய்வு என்பது என்ன என்று பாருங்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கோப்புகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் படித்திருக்கிறார். அதற்குத் தேவைப்பட்டது நேரம், பொறுமை, 42 என்று எண்ணிக்கையை அளவாக வைத்துக்கொண்ட முடிவு. எல்லா மருந்துகளின் பட்டியலையும் கேட்டிருந்தால் ஒரு மூட்டைக் காகிதம் வந்திருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலைமை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் அவைக்குச் சில வாரங்கள் இடைவேளை விடுவார்கள். அந்த நாட்களுக்குள் 24 குழுக்களும் தங்கள் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு அமைச்சகம் அவையிடம் கேட்கும் தொகைகளை, பரிசீலித்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஓர் அமைச்சகம் என்று நினைத்துவிட வேண்டாம். போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக் குழுவின் கீழ் விமானப் போக்குவரத்து, சாலை, துறைமுகம் மற்றும் கப்பல், சுற்றுலா, பண்பாடு என்று ஐந்து அமைச்சகங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் விரிவான மானிய ஆவணம், கேள்விப் பட்டியல், எழுத்துப் பதில், சாட்சியம், வரைவு, ஏற்பு. அதே ஆட்கள். சில வாரங்களில் ஐந்து அறிக்கைகள்.

இந்த அவசரத்தின் விளைவை அறிக்கைகளிலேயே காணலாம். இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை அருகருகே வைத்தால் சில பத்திகளில் எண்கள் மட்டும் மாறியிருக்கும். "நிதி முழுமையாகப் பயன்படுத்தப்படாதது குறித்துக் குழு கவலை கொள்கிறது" என்ற வகை வாக்கியம் ஆண்டுதோறும் வரும். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நெருக்கடியில் யார் உட்கார்ந்தாலும் போன ஆண்டு அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுத முடியும். ஆனால் இந்த அறிக்கைகளை லேசாக விட்டுவிடவும் முடியாது. மக்களவையில் பெரும்பாலான மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல், கில்லட்டின் முறையில் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன. 2018-இல் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படித்தான் நிறைவேறின. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தின் பெயரால் ஓர் அமைச்சகத்தின் செலவை யாராவது வரி வரியாகப் பார்த்திருந்தால், அது குழுவில் மட்டும்தான்.

அப்புறம் மசோதாக்கள். இதன் வேலைப்பளு வேறு வகை. மசோதா குழுவுக்கு வந்ததும் பத்திரிகை விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடம் கருத்து கேட்பார்கள். சில மசோதாக்களுக்கு நூற்றுக்கணக்கில் வரும், சிலவற்றுக்கு எண்ணிப் பார்க்க முடியாத அளவில் வரும். 2024-இல் வக்ஃப் திருத்த மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக்குழுவுக்கு (அந்த ஒரு மசோதாவுக்காக இரு அவை எம்.பி.க்களையும் வைத்து அமைத்த குழு) தபாலிலும் இணையத்திலுமாக 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்ததாக அரசே பின்னர் தெரிவித்தது. 36 கூட்டங்கள் நடந்தன. இவ்வளவையும் மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படிக்க முடியாது என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது, ஒரே வாசகம் கொண்ட மனுக்களை ஒரு கட்டாகச் சேர்த்து எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு, தனியாகச் சிந்தித்து எழுதியவற்றைப் பிரித்தெடுப்பதுதான்.

பிரித்தெடுத்தவை ஓர் அட்டவணைக்குள் போகும். முதல் நெடுவரிசையில் மசோதாவின் உட்பிரிவு எண், இரண்டாவதில் அதன் மீது வந்த யோசனை, மூன்றாவதில் அமைச்சகத்தின் பதில். குழு ஒவ்வோர் உட்பிரிவாக விவாதிக்கும்போது உறுப்பினர்களின் கையில் இருப்பது இந்த மாதிரி அட்டவணைதான். அதனால் கருத்து அனுப்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: எந்த உட்பிரிவு, என்ன வார்த்தையை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். "இந்த மசோதாவை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று பத்துப் பக்கம் எழுதினால், அதை எந்த வரிசையில் ஏற்றுவது என்று அலுவலருக்கே தெரியாது. ஒன்றரைப் பக்கத்தில் இரண்டு உட்பிரிவுகளைப் பற்றி மட்டும் தெளிவாக எழுதிய மனு அட்டவணையில் நேராகப் போய் உட்காரும்.

மசோதாவுக்குக் கொடுக்கிற கால அவகாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். இரண்டு உதாரணங்கள். 2019 டிசம்பரில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. 78 கூட்டங்கள் நடந்தன. நடுவில் பெருந்தொற்று. 2021 ஜூலையில் குழுத் தலைவர் உட்படச் சில உறுப்பினர்கள் அமைச்சரானதால் குழுவை விட்டுப் போனார்கள், புதிய தலைவர் வந்தார். 2021 டிசம்பரில் வந்த அறிக்கை 81 திருத்தங்களைச் சொன்னது. 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்று, 2023-இல் வேறு வடிவத்தில் சட்டம் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், 2023 ஆகஸ்டில் அறிமுகமான மூன்று குற்றவியல் மசோதாக்கள். இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் மாற்று. சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள். உள்துறை நிலைக்குழு மூன்றே மாதத்தில், நவம்பரில் அறிக்கை கொடுத்தது. இரண்டு ஆண்டு என்பது அதிகம் என்று ஒருவர் சொல்லலாம். அரை நூற்றாண்டு முதல் ஒன்றரை நூற்றாண்டு வரை பழகிய சட்டங்களுக்கு மூன்று மாதம் போதாது என்பது என் உறுதியான கருத்து. பழைய பிரிவுக்கும் புதிய உட்பிரிவுக்கும் ஒப்பீட்டு அட்டவணை போடவே ஓர் அலுவலருக்குப் பல வாரம் பிடிக்கும்.

குழுவுக்கு அனுப்புவதே குறைந்துவிட்டது என்பது வேறு கவலை. 15-ஆவது மக்களவைக் காலத்தில் (2009–14) மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் (2019–24) அது 16 சதவீதம்.

இனி ஆய்வு ஆதாரம் பற்றி. இங்கேதான் நடைமுறையில் பெரிய ஓட்டை இருக்கிறது. நிலைக்குழு யாரைக் கண்காணிக்கிறதோ, அதே அமைச்சகம்தான் அதற்குத் தகவலையும் கொடுக்கிறது. பொதுக் கணக்குக் குழுவின் நிலை அப்படி இல்லை. 1921 முதல் இருக்கிற குழு அது. 22 உறுப்பினர்கள், 1967-இலிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவர் என்பது மரபு. தணிக்கைத் தலைவரின் அறிக்கைதான் அதன் மூலப்பொருள். தணிக்கை அதிகாரிகள் கூட்டத்துக்கு வந்து உதவுகிறார்கள், எந்தக் கேள்வி கேட்கலாம் என்று குறிப்புத் தருகிறார்கள், வரைவில் உள்ள தகவல்களைச் சரிபார்க்கிறார்கள். அதாவது, நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு சுதந்திரமான அமைப்பு ஏற்கெனவே கோப்புகளைப் புரட்டி முடித்த பிறகுதான் அந்தக் குழு உட்காருகிறது. துறை சார்ந்த நிலைக்குழுவுக்கு அந்த மாதிரித் துணை கிடையாது.

நாடாளுமன்ற நூலகமும் அதன் ஆய்வுப் பிரிவும் இருக்கின்றன. கேட்டால் குறிப்புகள் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லா எம்.பி.க்களுக்கும் பொதுவானவர்கள். வெளி நிபுணர்களைக் குழு அழைத்துக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறது. ஆனால் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகும் நிபுணர் வேறு; ஒரு தலைப்பு முடியும்வரை கூடவே இருந்து, அமைச்சகத்தின் பதிலைப் பார்த்ததும் "இந்த எண்ணில் ஏதோ இடிக்கிறது" என்று சொல்கிற நிபுணர் வேறு. அரசியல் சாசனச் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-இலேயே, நிலைக்குழுக்களுக்குத் துறை வல்லுநர்களை ஆலோசகர்களாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரிட்டனில் அதே 2002-இல் பொது அவையின் குழுக்களுக்கு உதவ ஒரு தனிப் பிரிவை அமைத்தார்கள். அதில் உள்ளவர்கள் செலவினக் கணக்குகளையும் மசோதாக்களையும் குழுக்களுக்காகப் பிரித்துப் படிக்கிறார்கள். ஒரு விசாரணைக்கு மட்டும் சிறப்பு ஆலோசகரை நியமிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அமெரிக்கா 1914-லேயே நாடாளுமன்றத்துக்கென்று ஆய்வுச் சேவையைத் தொடங்கிவிட்டது. நமக்கு அந்த அளவு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழுவுக்கு இரண்டு பேர், ஒருவர் எண்களைப் படிக்கத் தெரிந்தவர், இன்னொருவர் அந்தத் துறையில் வேலை பார்த்தவர். இது மட்டும் கிடைத்தாலே அறிக்கைகளின் தரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

வரைவு எழுதி முடித்ததும் முதலில் தலைவர் பார்ப்பார். பிறகு எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். ஏற்புக் கூட்டத்துக்கு ஓரிரண்டு நாள் முன்னால்தான் கையில் கிடைக்கும் என்பது பல எம்.பி.க்கள் சொல்லும் குறை. 120 பக்கத்தை ஓரிரவில் படிக்க முடியாது. பரிந்துரைகள் தடித்த எழுத்தில் அச்சாவதால் பலர் அதை மட்டும் படித்துவிட்டு வருவார்கள். நான் வேலை செய்தபோது என் முக்கியமான பணியே இதுதான்: தடித்த எழுத்தில் உள்ள ஒவ்வொரு பரிந்துரைக்கும் மேலே உள்ள பத்திகளில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பது. ஒருமுறை கோடு போட்ட இடத்தில் பரிந்துரைக்கும் அதற்கு முன்பிருந்த அட்டவணைக்கும் தொடர்பே இல்லை. அட்டவணை வேறு ஆண்டுடையது. கடைசி நேர அவசரத்தில் நடந்த பிழை, திருத்தப்பட்டது. யாரும் கோடு போடாமல் இருந்திருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும்.

ஏற்பு பெரும்பாலும் ஒருமித்த கருத்தில் நடக்கும். உடன்படாதவர் மாற்றுக் கருத்துக் குறிப்பு கொடுக்கலாம். கூட்டம் மூடிய அறையில் நடப்பதற்கான காரணம் இங்கேதான் விளங்கும். கேமரா இல்லாத அறையில், ஆளும் கட்சி எம்.பி. தன் அரசின் செயலாளரைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்ல முடிகிறது. எதிர்க்கட்சி எம்.பி. "இந்தத் திட்டம் நன்றாக இருக்கிறது, தொடருங்கள்" என்று சொல்ல முடிகிறது. அவையில் இது இரண்டும் அரிது. ரகசியத்தை எடுத்துவிட்டால் ஒருமித்த அறிக்கைகள் குறைந்துபோகும் என்றே நினைக்கிறேன். சாட்சியப் பதிவுகளை அறிக்கைக்குப் பிறகாவது முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அறிக்கை அவைக்கு வந்தபின் என்ன? பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆலோசனை என்ற மதிப்புதான். ஆனால் அரசு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்து அதே செயலகம் இன்னோர் அறிக்கை எழுதும். நடவடிக்கை அறிக்கை என்பார்கள். 2004-இலிருந்து, அமைச்சரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அமலாக்க நிலை பற்றி அறிக்கை வாசிக்க வேண்டும் என்ற சபாநாயகர் வழிகாட்டுதல் இருக்கிறது.

நீங்கள் ஒரு குழுவின் வேலையை மதிப்பிட விரும்பினால் முதல் அறிக்கையைவிட இந்த நடவடிக்கை அறிக்கையைப் படியுங்கள். அது ஐந்து அத்தியாயங்களாக இருக்கும். அரசு ஏற்றுக்கொண்டவை இரண்டாவதில், பதிலைப் பார்த்துவிட்டுக் குழுவே மேற்கொண்டு வலியுறுத்தாமல் விட்டவை மூன்றாவதில், பதிலைக் குழு ஏற்காதவை நான்காவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை ஐந்தாவதில். இரண்டாவது அத்தியாயம் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். "பரிந்துரை குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரே வரியில் முடிகிற பதில்களும் அங்கே ஏற்றுக்கொண்டவையாக உட்கார்ந்திருக்கும். நான்காவது அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே குழு முதலில் என்ன கேட்டது, அரசு எப்படி நழுவியது, குழு மறுபடி என்ன சொல்லி விடாமல் பிடித்தது என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். முதல் பக்கங்களில் அந்த நாலைந்து பெயர்களும் இருக்கும்.